கறை வேறு, அசுத்தம் வேறு

நம் இல்லங்களின் பழைய பெட்டிகளைத் திறந்தால் முன்னோரின் கைவேலை ஒன்றாவது அகப்படும். பாட்டியார் நூலால் பின்னிய தொழுகைத் தொப்பி, பூவேலை செய்த தொழுகை விரிப்பு, தாயார் தைத்த குழந்தைச் சட்டை. ஆண்டுகள் பல கடந்ததால் அவை பழுப்பேறி, மடிப்புகளில் இற்றுப் போயிருக்கும். தூய்மையை ஈமானோடு சேர்த்துப் போதிக்கும் மார்க்கம் நம்முடையது. ஆகவே அவற்றை நன்றாக வெளுத்துப் புதிதாக்கிவிட வேண்டுமென்று எண்ணுகிறோம். இந்த எண்ணம் சரிதானா?

ஹவ்லா பின்த் யஸார் (ரலி) அவர்களிடம் ஒரே ஓர் ஆடைதான் இருந்தது. அதில் பட்ட மாதவிடாய் இரத்தத்தைக் கழுவிய பின்னும் அடையாளம் போகாவிட்டால் என்ன செய்வது என்று அவர்கள் கேட்டார்கள். தண்ணீரால் கழுவினால் போதும், எஞ்சிய அடையாளத்தால் குற்றமில்லை என நபி (ஸல்) அவர்கள் விளக்கியதாக அபூதாவூதில் காண்கிறோம். கழுவியும் போகாத நிறம் மன்னிக்கப்படும் என்றே ஃபிக்ஹு நூல்களும் கூறுகின்றன. ஆகவே துணி தூய்மையாவதற்கு அது வெண்மையாக வேண்டியதில்லை. தூய்மை மார்க்கத்தின் கட்டளை. வெண்மையோ நம் கண்ணின் ஆசை.

அந்த ஆசையால் பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்தால் பழம் பருத்தி நூல் அரிக்கப்பட்டு உதிர்ந்துவிடும். முதலில் ஈரமான வெள்ளைத் துணியால் வண்ண நூலை ஒற்றிப் பார்க்க வேண்டும். சாயம் ஒட்டினால் நனைக்கக் கூடாது. ஜரிகை வேலையையும் ஊறவைக்கலாகாது. மற்றவற்றைக் காரமில்லாத சோப்பு நீரில் சற்று நேரம் கிடத்தி, கசக்காமல், பிழியாமல் பலமுறை அலசி, நிழலில் விரித்து உலர்த்தலாம். கஞ்சி போட்டு வைத்தால் பூச்சி வரும்.

செப்பனிடுவதிலும் ஒரு வரம்புண்டு. பெருமானார் (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக் கொண்டதை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். கிழிசலுக்கு அடியில் மெல்லிய துணி கொடுத்து நாமும் தைக்கலாம். ஆனால் பழைய பூவைப் பிரித்தெறிந்து, புது நூலில் வேறொரு பூவைப் போட்டுவிட்டு, "இது பாட்டி போட்டது" என்று பிள்ளைகளிடம் காட்டினால் அது பொய்யன்றி வேறென்ன?

மற்றொன்றையும் மறந்துவிடுகிறோம். மறைந்தவர் விட்டுச் சென்ற ஊசியும் நூலும்கூட வாரிசுகளின் சொத்தே. பங்கு பிரிக்காத விரிப்பை ஒருவர் மட்டும் வெட்டித் திருத்துவது, உடன்பிறந்தாரின் உரிமையில் கை வைப்பதாகும். அவர்களுடைய சம்மதத்தைக் கேட்டுச் செய்வதே முறை. கேட்காமல் செய்துவிட்டு மனத்தாங்கலோடு பிரிந்தால், அந்த விரிப்பைக் காப்பாற்றி என்ன பயன்?

பழுப்பேறிய அத்துணியைக் கையில் எடுக்கும்போதெல்லாம், அதை உருவாக்கியவரின் மறுமை வாழ்வுக்காகத் துஆச் செய்வோம். அல்லாஹ் அதை ஏற்றருள்வானாக! ஆமீன்.