குற்றம் செய்தவன் வழக்காடலாமா?



சில மாதங்களுக்கு முன் ஓர் இரவு, விகாரையின் விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தும் வேளையில், நம் சங்கத்தைச் சேர்ந்த ஒரு தாயார் தம் மகனுடன் நம்மிடம் வந்தார். மகன் இம்மும்பை மாநகரில் டெம்போ ஓட்டிப் பிழைப்பவர். திருமண விருந்தொன்றில் மது அருந்திவிட்டு வண்டி ஓட்டி வருகையில், போலீசார் நிறுத்திக் கருவியில் ஊதச் செய்து வழக்குப் பதிந்துவிட்டனர். எவருக்கும் காயமில்லை. ஆயினும் உரிமம் போனால் அடுப்பு எரியாது என்னும் நிலையில் இருந்தது அக்குடும்பம்.

உறவினர் மூவர் மூன்று யோசனை கூறியிருந்தனர். ஒருவர், "எவரையேனும் பிடித்துக் காசு கொடுத்து முடித்துவிடு" என்றாராம். மற்றொருவர், "பக்கத்தில் உட்கார்ந்து வந்த உன் சித்தப்பா மகன் குடிக்காதவன், அவனே ஓட்டினான் என்று சாட்சி சொல்லட்டும்" என்றாராம். மூன்றாமவர் நம் சங்கத்தவர். அவர், "நீ பஞ்ச சீலம் ஏற்றவன். வக்கீலை நாடுவதே சீலத்துக்கு விரோதம். குற்றம் என்று சொல்லிக் கொடுப்பதை வாங்கிக்கொள்" என்றாராம்.

"ஐயா, இம்மூன்றில் எது தம்மம்?" என்று கேட்டார் அத்தாயார்.

முதலிரண்டும் அதம்மம் என்பதைச் சொல்ல நமக்கு நேரம் பிடிக்கவில்லை. மூன்றாவது யோசனையோ தம்மத்தின் உடையை உடுத்தி வந்திருந்தது. எனினும் அதுவும் முழுதும் சரியன்று என்றே நாம் கூறினோம். ஏன் அவ்வாறு கூறினோம் என்பதை அன்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் சட்டம் கூறுவது யாது என்று பார்ப்போம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு இக்குற்றத்தைப் பற்றியது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்க, ஒருவர் வண்டி ஓட்டினாலும் ஓட்ட முயன்றாலும் அது குற்றம். முதல் முறையாயின் ஆறு மாதம் வரை சிறை, அல்லது ரூ.10,000 அபராதம், அல்லது இரண்டும். மறுமுறையாயின் இரண்டாண்டு வரை சிறை, அல்லது ரூ.15,000 அபராதம், அல்லது இரண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் இத்தொகைகள் முறையே ரூ.2,000, ரூ.3,000 என்றிருந்தன. அபராதத்தோடு முடிவதுமில்லை. குற்றம் உறுதியானால் ஆறு மாதத்துக்குக் குறையாமல் வண்டி ஓட்டும் தகுதியை நீக்குமாறு 20ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு விதிக்கிறது. சிறு குற்றங்களைப்போல் இதனைச் சாலையிலேயே கட்டணம் செலுத்தித் தீர்த்துக்கொள்ளச் சட்டம் இடந்தரவில்லை. மாஜிஸ்டிரேட் முன் நின்றே தீரவேண்டும். ஆகவே சாலையில் கைமாறும் காசு அபராதமாகாது, அது லஞ்சமே.

இனி, குற்றஞ்சாட்டப்பட்டவனுக்குச் சட்டம் தந்துள்ள காப்புகள் யாவை? ஓட்டினான் அல்லது ஓட்ட முயன்றான் என்பதை அரசு மெய்ப்பிக்கவேண்டும். மது வாடை வீசியது, கண் சிவந்தது என்று கூறிவிட்டால் போதாது. சோதனையின் அளவு வேண்டும். நடை தள்ளாடியது, பேச்சு குழறியது, கருவிழி விரிந்திருந்தது என்று மருத்துவர் கூறியிருந்தும், இரத்தமோ சிறுநீரோ சோதிக்கப்படாத ஒரு வழக்கில் அவை மட்டும் குடியை மெய்ப்பிக்கப் போதா என்று 1971இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கருவி பழுதற்றதா, அதன் அளவுச் சீட்டு பதிவில் உள்ளதா, எடுத்த இரத்தம் முத்திரையிட்டு முறைப்படி ஆய்வுக்கூடம் சேர்ந்ததா என்றெல்லாம் கேட்கலாம். இக்குற்றத்துக்காகக் கைது செய்தால் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவச் சோதனை நடத்தவேண்டும். தவறினால் காவலினின்று விடுவிக்கவேண்டும் என்கிறது 202ஆம் பிரிவு. அதே வேளையில், தக்க காரணமின்றி ஊத மறுப்பவனுக்கு அம்மறுப்பே எதிர்ச்சான்றாகலாம் என்பதையும் அன்பர்கள் மறத்தலாகாது.

வக்கீலுக்குப் பணமில்லையே என்பர் சிலர். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணி ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவு, பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்கள், ஆலைத் தொழிலாளர், காவலில் உள்ளோர் ஆகியோருக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீலை அளிக்கிறது. தம்மத்தைத் தழுவியதால் இவ்வுரிமை போய்விட்டது என்று எண்ணுவோர் நம்முள் இன்றும் உளர். 1990ஆம் ஆண்டுத் திருத்தம் பௌத்தரையும் பட்டியல் சாதி ஆணைக்குள் கொணர்ந்துவிட்டது என்பதை அவர்கள் அறிதல் வேண்டும்.

இப்பொழுது கேள்விக்கு வருவோம். குடித்து ஓட்டியது மெய் என்று தன் நெஞ்சே அறிந்திருக்கையில், இக்காப்புகளை ஒருவன் நாடலாமா? நாடினால் அது நான்காம் சீலத்தை, அதாவது பொய்யுரை தவிர்த்தலை, மீறியதாகாதா?

ஆகாது என்பதே நம் துணிபு. பொய் என்பது இல்லாததை உண்டென்று கூறுவது. "நீ சொல்வதை மெய்ப்பித்துக் காட்டு" என்று அரசைக் கேட்பதில் இல்லாதது எதுவும் கூறப்படவில்லை. தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லுமாறு எவரையும் கட்டாயப்படுத்தலாகாது என்று அரசியலமைப்பின் 20ஆம் விதி கூறுகிறது. இவ்விதி குற்றவாளிக்குச் செய்த சலுகை என்று சிலர் இகழ்வர். லத்தியின் முன் ஏழையின் வாக்குமூலம் எவ்வாறு பிறக்கும் என்பதைச் சேரியில் வளர்ந்தவர்க்கு எவரும் விளக்கவேண்டுவதில்லை. கருவி பழுதோ என்று இன்று குற்றவாளி கேட்கும் கேள்வியே, நாளை குடிக்காதவன் ஒருவனைக் காக்கும். குற்றவாளிக்கு அக்கேள்வியை மறுத்தால் நிரபராதிக்கும் அது இல்லாமற்போகும். விசாரணை முடியும்வரை இருவரையும் பிரித்தறியும் அடையாளம் எவரிடமும் இல்லையன்றோ?

ஆனால் இவ்வுரிமைக்கு ஓர் எல்லையுண்டு. சித்தப்பா மகன் ஓட்டினான் என்று கூறுவது மெய்ப்பிக்கக் கேட்பதன்று, அது பொய்ச்சாட்சி. அதனால் இரண்டாம் மனிதன் ஒருவனும் குற்றத்துள் இழுக்கப்படுகிறான். எவரேனும் அடிபட்டுக் கிடந்தாலோ, மௌனம் என்னும் உரிமையைப் பேசிக்கொண்டு நகர்ந்துவிட முடியாது. காயமுற்றவருக்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் கடமை என்று 134ஆம் பிரிவே கூறுகிறது. நீதிமன்றத்தின் முன் வாய் மூடியிருக்கலாம். காயமுற்றவன் முன் மூடலாகாது.

இன்னொன்றும் உண்டு. வழக்கில் விடுதலை பெற்றவன் சீலத்திலும் விடுதலை பெற்றானா? இல்லை. மன்றத்தின் கணக்கு வேறு. வினையின் கணக்கு வேறு. பதிவில் பிழை இருந்ததால் வழக்குத் தள்ளுபடியாகலாம். அதனால் அவ்விரவு அவன் கை ஸ்டியரிங்கில் நடுங்கவில்லை என்றாகிவிடுமா? விடுதலையை அவன் ஏற்கலாம். குற்றமற்றவன் என்ற பெயரை மட்டும் தனக்குத்தானே சூட்டிக்கொள்ளலாகாது.

ஐந்தாம் சீலம் மதுவை விலக்கச் சொல்லும்பொழுது அதனைப் பமாதத்தின் இருப்பிடம் என்கிறது. பமாதம் என்றால் விழிப்பின்மை, அசட்டை. பகவன் காலத்தில் சாகத தேரர் என்னும் பிக்கு இருந்தார். கொடிய நாகம் ஒன்றைத் தம் ஆற்றலால் அடக்கியவர். கோசம்பி மக்கள் அவரைப் போற்றி வீடுதோறும் மது அளிக்க, அவற்றையெல்லாம் அருந்தி நகர வாயிலில் வீழ்ந்தார். பிக்குகள் அவரைத் தூக்கிவந்து பகவன் பக்கம் தலையிருக்கக் கிடத்தினர். அவரோ புரண்டு பகவன் பக்கமே காலை நீட்டினார். நாகத்தை அடக்கிய இவரால் இப்பொழுது ஒரு நீர்ப்பல்லியையேனும் அடக்க முடியுமா என்று பகவன் வினவினார். பிக்குகள் மது அருந்தலாகாது என்னும் விதி அன்றே பிறந்தது. பகவன் அவரைச் சபிக்கவில்லை; துரத்தவுமில்லை. ஆற்றலுடையவனையும் மது எவ்வாறு ஆற்றலற்றவனாக்குகிறது என்பதையே எல்லோருக்கும் காட்டினார். "எனக்குப் பழக்கம்; எவ்வளவு குடித்தாலும் நேராக ஓட்டுவேன்" என்னும் அன்பர்கள் சாகத தேரரை நினைப்பார்களாக.

இம்மாநகரில் நிகழ்ந்த ஒன்றையும் நினைவுகூர்வோம். 2006 நவம்பர் 12ஆம் நாள் விடியுமுன், பாந்திராவின் கார்ட்டர் சாலையில் நடைபாதைமேல் ஒரு கார் ஏறியது. அங்கே உறங்கியவர்கள் சாலை வேலைக்கு வந்த கூலித் தொழிலாளர். எழுவர் மாண்டனர், எண்மர் காயமுற்றனர். கவனக்குறைவால் நேர்ந்த மரணம் என்று கொண்டு விசாரணை நீதிமன்றம் ஆறு மாதச் சிறை விதித்தது. 2007இல் உயர் நீதிமன்றமோ, குடித்துவிட்டு இவ்வாறு ஓட்டினால் உயிர் போகும் என்பதை அறிந்தே செய்த செயல் என்று கொண்டு, கொலையாகாத மரணம் விளைத்த குற்றத்துக்கு மூன்றாண்டு விதித்தது. 2012இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. முன்னைய குற்றத்துக்கு அக்காலத்தில் மிகுதியான தண்டனை இரண்டாண்டே. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் அது ஐந்தாண்டு. பின்னையதற்கோ பத்தாண்டு வரை உண்டு. இரண்டுக்கும் இடையே நிற்பது ஒரே ஒரு சொல்: அறிவு. நடக்கக்கூடியதை அறிந்திருந்தாயா என்பதே கேள்வி.

இக்கேள்வி நம்மையும் விடவில்லை. ஆலையில் வேலை செய்த நாட்களில் நாமும் குடித்தோம். இரண்டாம் ஷிப்டு முடிந்த ஓரிரவு, நண்பரின் ஸ்கூட்டரை இரவல் வாங்கி ஓட்டினோம். திருப்பத்தில் வண்டி நடைபாதைமேல் ஏறி, போர்வை போர்த்து உறங்கிய ஒருவரின் கால்மாட்டில் நின்றது. அவர் விழிக்கவுமில்லை. நாம் வண்டியை உருட்டிக்கொண்டே வீடு சேர்ந்தோம். போலீஸ் இல்லை, வழக்கு இல்லை, அபராதம் இல்லை. கார்ட்டர் சாலைச் செய்தியைப் படித்த அன்று நமக்கு உணவு இறங்கவில்லை. அந்த ஓட்டுநருக்கும் நமக்கும் இடையே இருந்தது ஒரு முழத் தொலைவு மட்டுமே. அம்முழம் நம் அறத்தால் வந்ததன்று. குற்றம் மோதலில் தொடங்கவில்லை. குடித்த கை சாவியைத் தொட்டபொழுதே தொடங்கிவிட்டது.

டெம்போ ஓட்டும் தம்பி சட்டப்பணி ஆணையத்தின் வழியே வக்கீலைப் பெற்றார். வக்கீல் ஏடுகளைப் பார்த்து, அளவும் பதிவும் ஒழுங்காகவே உள்ளன, போராட இடமில்லை என்று கூறினார். தம்பி மாஜிஸ்டிரேட் முன் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அபராதமும் ஆறு மாத உரிமத் தடையும் கிடைத்தன. அம்மாதங்களில் பிறர் ஓட்டிய வண்டிகளில் அவர் மூட்டை ஏற்றினார். தாயார் இரண்டு வீடுகளில் கூடுதலாக வேலை பார்த்தார்.

ஒருநாள் அத்தம்பி, "ஐயா, என்னைப்போலவே பிடிபட்டவன் ஒருவன் ஆள் மாற்றிச் சொல்லித் தப்பிவிட்டான். அவன் வண்டி ஓட்டுகிறான், நான் மூட்டை தூக்குகிறேன். உண்மையால் எனக்கு என்ன லாபம்?" என்று கேட்டார். அவரைத் தேற்ற நம்மிடம் இனிய சொல் எதுவுமில்லை. ஸ்கூட்டர்க் கதையை மட்டும் சொன்னோம். தண்டனையின்றித் தப்பியவன் இருபதாண்டு கழிந்தும் அப்போர்வையைக் கனவில் காண்கிறான் என்று சொன்னோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, மூட்டை ஏற்றப் போனார்.

ஆகவே அன்பர்களே, வழக்கு வந்தால் அஞ்சாதீர். சட்டம் தந்த காப்பை வெட்கமின்றிக் கேளுங்கள். ஆனால் பொய் சொல்லாதீர், பிறன் தலையில் ஏற்றாதீர், காசால் மூடாதீர். தீர்ப்பு எதுவாயினும், மறுநாள் விகாரைக்கு வந்து ஐந்தாம் சீலத்தை மீண்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கிளைச் சங்கமும் அருகிலுள்ள சட்டப்பணி ஆணைய அலுவலகத்தின் முகவரியை விகாரைச் சுவரில் எழுதி வைக்கட்டும். திருமண வீட்டார், குடித்தவர் கையிலிருந்து சாவியை வாங்கி வைக்கும் பொறுப்பை ஒருவரிடம் முன்னதாகவே ஒப்படைக்கட்டும். அவர்மேல் அவ்விரவு கோபம் வரலாம். விடிந்தபின் எவரும் அவரைக் குறைகூறார்.