அவன் என்ன செய்தான்?

"சும்மாவாடே புடிச்சிட்டுப் போவான்? ஏதாவது பண்ணியிருப்பான்." தென்காசிப் பக்கம் போலீஸ் அடியைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இந்த வாக்கியமும் கூடவே எழும். டீக்கடையில் இப்படியே வரும். படித்தவர்கள் கூடும் இடத்தில் கொஞ்சம் திருத்தமான தமிழில் வரும். அடித்தவனைப் பற்றித் தொடங்கிய பேச்சு இரண்டே நிமிடத்தில் அடிபட்டவனின் யோக்கியதையைப் பற்றிய பேச்சாக மாறிவிடும். இந்த மாற்றம் யாருக்கு உதவுகிறது என்பதை நாம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

தென்காசியிலிருந்து பாவூர்சத்திரம், கடையம் வழியாக பஸ்ஸில் போனால் அம்பாசமுத்திரம் வரும். அந்தப் பக்கத்துக் காவல் நிலையங்களில் விசாரணைக்குக் கொண்டுபோனவர்களின் பற்கள் கட்டிங் பிளேயரால் பிடுங்கப்பட்டன என்ற புகார் 2023 மார்ச்சில் வெளியே வந்தது. உதவி காவல் கண்காணிப்பாளராக இருந்த பல்வீர் சிங் மீது குற்றச்சாட்டு. சார் ஆட்சியர் விசாரணை, பிறகு ஐ.ஏ.எஸ். அதிகாரி அமுதாவின் விசாரணை, சி.பி.சி.ஐ.டி. வழக்கு என்று விஷயம் வளர்ந்தது. அந்த மாதமே பணியிடை நீக்கம் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. 2024 ஜனவரியில் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. குற்றம் நடந்ததா என்று தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வேலை. அதற்கு முன்பே வெளியில் ஒரு தீர்ப்புச் சொல்லப்பட்டது: "பல்லு போனவனெல்லாம் அடிதடிக்காரப் பயலுவ. ஆபீசர் நல்லவரு."

இதற்கு மூன்று வருடங்களுக்கு முன் நடந்தது சாத்தான்குளம். 2020 ஜூன் 19 அன்று ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் போலீஸ் கொண்டுபோனது. நான்கு நாட்களுக்குள் இருவரும் இறந்தார்கள். தமிழ்நாடே கொதித்தது. கொதித்தது சரி, அந்தக் கோபம் வேண்டியதுதான். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது, காவல் நிலையத்தையே வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் வைத்தது. ஆனால் அந்தக் கோபம் எந்தச் சொற்களில் பேசியது என்பதையும் கவனியுங்கள். "பாவம், ஒரு தப்பும் பண்ணாத வியாபாரிகள்." அப்படியானால் தப்புப் பண்ணியவனை விடிய விடிய அடிக்கலாமா? அந்தச் சொற்களுக்குள் ஒளிந்திருந்த இந்தக் கேள்விக்கு அன்று யாரும் பதில் சொல்லவில்லை. அம்பாசமுத்திரம் வந்தபோது அதே கேள்வி நேருக்கு நேர் வந்து நின்றது. 'அடிக்கலாம்' என்று பலர் பதில் சொல்லிவிட்டார்கள்.

'மாவுக்கட்டு' என்றாலே நம் ஊரில் ஒரு சிரிப்பு உண்டு. கைதானவன் கையில் கட்டோடு படத்தில் நிற்பான். பாத்ரூமில் வழுக்கி விழுந்தான் என்று போலீஸ் சொல்லும். அது பொய் என்று சொல்கிறவருக்கும் தெரியும், கேட்கிறவருக்கும் தெரியும். தெரிந்தே சேர்ந்து சிரிக்கிறார்கள். சட்டத்தை மீறுவது ஒருபக்கம் இருக்கட்டும், மீறியதை ஊரே ரசிப்பதுதான் ஆபத்தானது. அந்தச் சிரிப்பில் பங்குகொள்ளும் ஒவ்வொருவரும் லாக்கப் அறைக்குள் ஒரு தடியைக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள்.

அடிக்கத்தக்க உடல், அடிக்கத்தகாத உடல் என்று மனித உடல்களைப் பிரிப்பது போலீஸ் கண்டுபிடித்தது அல்ல. ஒரே குற்றத்துக்கு வருணத்தைப் பார்த்து வேறு வேறு தண்டனை விதித்தது மனுநூல். வெள்ளைக்காரன் 1871இல் கொண்டுவந்த குற்றப் பழங்குடிகள் சட்டம் பிறப்பையே குற்றமாக எழுதிவைத்தது. அது 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. இங்கே அதில் சிக்கியவர்கள் ஒரு சாதியார் மட்டுமல்ல. இன்று தங்களை ஆண்ட பரம்பரை என்று சொல்லிக்கொள்கிறவர்களின் தாத்தாமாரும் ரேகை வைத்துவிட்டுத்தான் ராத்திரி தூங்கினார்கள். ஒருவன் என்ன செய்தான் என்று பார்க்காமல் அவன் யார் என்று பார்த்துத் தண்டிப்பதுதான் இவற்றின் சாரம். 'அவன் என்ன செய்தான்?' என்ற இன்றைய கேள்வியும் பார்வைக்குத்தான் செயலைக் கேட்கிறது. உண்மையில் அது கேட்பது, 'அவன் யாரு?'

ஸ்டேஷனுக்குப் போய்ப் பாருங்கள். கோடிக்கணக்கில் சீட்டுப் பணத்தை ஏப்பம் விட்டவர் விசாரணைக்கு வந்தால் நாற்காலி போடுவார்கள், டீ வாங்கி வரச் சொல்வார்கள். செல்போன் திருடினான் என்று கொண்டுவரப்பட்ட காலனிப் பையன் ஜட்டியோடு தரையில் இருப்பான். குற்றத்தின் அளவைப் பார்த்து அடி விழுவதாக இருந்தால் இந்தக் காட்சி தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

1999 ஜூலை 23ஐ இந்தப் பகுதியில் யாரும் மறக்க முடியாது. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலி கலெக்டர் அலுவலகத்துக்குப் போன ஊர்வலம் தடியடியில் சிதறியது. தாமிரபரணிக்குள் விரட்டப்பட்டவர்களும் அடிபட்டவர்களுமாகப் பதினேழு பேர் செத்தார்கள். அன்றும் கேட்டார்கள்: கல்லெறிந்தது யார்? முதலில் ஆரம்பித்தது யார்? நீதிபதி மோகன் ஆணையமும் போலீசின் பக்கமே நியாயம் கண்டது. செத்தவர்களில் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றும் இருந்தது. அந்தக் குழந்தை என்ன செய்தது?

அம்பேத்கர் இதை முன்பே யோசித்துவிட்டார். சட்டத்தின் முறையான செயல்பாடு என்ற பாதுகாப்பு அரசியல் சட்ட வரைவிலிருந்து கைநழுவிப்போன பிறகு, அதற்கு ஈடாக 1949 செப்டம்பர் 15 அன்று அவர் ஒரு புதிய பிரிவை அரசியல் நிர்ணய சபையில் வைத்தார். அதுதான் இன்றைய 22ஆம் பிரிவு. கைதின் காரணத்தைச் சொல்ல வேண்டும், வக்கீலைப் பார்க்க விட வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். யாருக்காக எழுதப்பட்ட உரிமை இது? பிடிபட்டவனுக்காக. யோக்கியனுக்கு மட்டும் என்று ஒரு வார்த்தை அதில் கிடையாது. குற்றம் சாட்டப்பட்டவனுக்கு உரிமை இல்லையென்றால் அது யாருக்குமே இல்லை. ஏனென்றால் யார்மீது வேண்டுமானாலும் குற்றம் சாட்டலாம்.

இதற்கு மறுப்பும் உண்டு. "கோர்ட்டுக்குப் போனா இருபது வருஷம் ஆவும். போலீஸ் கையைக் கட்டிப்போட்டா ரவுடி ஆட்டம் போடுவான். ரவுடியால மொதல்ல சாவுறதும் ஏழைதான்." இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. சேரியில் கந்துவட்டிக்காரனுக்கும் கஞ்சா விற்கிறவனுக்கும் பயந்து வாழ்கிற தாய் இதைச் சொன்னால் அதில் நியாயமான வலி இருக்கிறது. தாமதமும் உண்மைதான். 1992 ஜூனில் வாச்சாத்தியில் நடந்த கொடுமைக்கு 2011இல்தான் தண்டனை கிடைத்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அன்று உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. 2023இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆனால் வாச்சாத்திக்குள் நுழைந்தவர்கள் சொன்ன காரணம் என்ன? அங்கே இருப்பவர்கள் சந்தனக் கட்டை கடத்துகிறவர்கள் என்பதுதான். கோர்ட் தாமதம் என்றால் கோர்ட்டைச் சரிசெய்யக் கேட்க வேண்டும். தடியை நம்பினால், அது கந்துவட்டிக்காரனை விட்டுவிட்டு அந்தத் தாயின் மகன்மீதுதான் விழும்.

அதிகாரமே கூடாது என்று நான் சொல்லவில்லை. குற்றாலத்தில் சீசன் நேரம் மலையில் மழை பிடித்து வெள்ளம் ஏறினால் போலீஸ் விசில் ஊதி எல்லாரையும் அருவியை விட்டு வெளியேற்றும். கலெக்டர் வீட்டுப் பிள்ளையானாலும் சித்தாள் வேலைக்குப் போகிறவரின் பிள்ளையானாலும் வெளியேறத்தான் வேண்டும். காரணம் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது, விதி எல்லாருக்கும் ஒன்று. அந்த அதிகாரத்தை யாரும் வெறுப்பதில்லை. காரணம் சொல்லக் கடமைப்பட்ட அதிகாரம் ஒன்று, கேட்டால் அடிக்கிற அதிகாரம் இன்னொன்று. பொறுப்புக் கூறல் என்று நாம் கேட்பது இரண்டாவதை முதலாவதாக மாற்றச் சொல்வதுதான்.

அதற்கு வழி இல்லாமல் இல்லை. காவலில் ஒருவனுக்குக் காயம் பட்டிருந்தால் அதைச் செய்தது போலீஸ்தான் என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம், இல்லையென்று போலீஸ் நிரூபிக்கட்டும் என்று சட்ட ஆணையம் 1985இல் தன் 113ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. சாட்சிச் சட்டமே புதிதாக எழுதப்பட்டு 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது, இது மட்டும் அதில் ஏறவில்லை. போலீஸ் மீதான புகார்களை ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் தனி ஆணையம் விசாரிக்க வேண்டும் என்றது 2006இன் பிரகாஷ் சிங் தீர்ப்பு. 2013இல் தமிழ்நாடு கொண்டுவந்த சட்டமோ மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளரையே தலைவராக்கியது, டி.ஜி.பி.யை உறுப்பினராக்கியது. மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். அடித்த ஏட்டையாவைப் பற்றி அவருடைய மேலதிகாரியிடமே மனுக் கொடுக்க வேண்டும்! சாத்தான்குளம் நிலையத்தில் கேமரா இருந்தது, பதிவு அன்றன்றைக்கே அழிந்துபோகும்படி வைத்திருந்தார்கள். அங்கே உண்மையைக் காப்பாற்றியது ஒரு மனுஷியின் வாய். தலைமைக் காவலர் ரேவதி தான் பார்த்ததை மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார்.

கடைசியாக நம் பக்கத்துக்கு வருகிறேன். அமைப்புகளும் வழக்கு எடுக்கும்போது 'சுத்தமான' ஆளைத் தேடுகின்றன. கல்லூரி மாணவனுக்குப் போஸ்டர் உண்டு, உண்ணாவிரதம் உண்டு. ஏற்கெனவே மூன்று வழக்கு உள்ளவன் அடிபட்டால், "அவன எடுத்தா நம்ம பேரு கெட்டுரும் தோழர்" என்கிற பேச்சு வருகிறது. இந்தத் தயக்கம் புரிகிறது. ஆனால் இப்படித் தயங்குகிற இடத்தில் நாமும் அந்த டீக்கடைக் கேள்வியைத்தான் கேட்கிறோம், கொஞ்சம் சன்னமாக.

ஆகவே வேலையை மூன்று வழக்குக்காரனிடமிருந்து தொடங்க வேண்டும். அவன் செய்ததற்கு நீதிமன்றத்தில் பதில் சொல்லட்டும், தண்டனை வந்தால் அனுபவிக்கட்டும். அவன் உடைந்த கைக்கு ஸ்டேஷன் பதில் சொல்லட்டும். ஒரு கணக்கைக் காட்டி இன்னொன்றைத் தள்ளுபடி செய்ய யாருக்கும் உரிமை இல்லை. அந்த மூன்று வழக்குக்காரனின் அம்மா மனுவை எழுதிக்கொண்டு தென்காசி எஸ்.பி. அலுவலகத்துக்குப் போகும்போது, அவளோடு கூடப்போக எத்தனை பேர் இருக்கிறோம் என்று முதலில் எண்ணிப் பார்ப்போம்.