ஒரே கல்வெட்டு, மூன்று புத்தகம்

(குற்றாலம் சித்திர சபைக்கு எதிரே தெப்பக்குளத்துப் படிக்கட்டு. ஆடிச் சாரல் விட்டுவிட்டுத் தூறுகிறது.)

சீடன்: ஐயா, தென்காசி விசுவநாதர் கோயில் வேலை 1446-இல் தொடங்கியது என்று மூன்று புத்தகங்களில் பார்த்துவிட்டேன். இனிச் சந்தேகமில்லையே?

குரு: மூன்றும் எதைப் பார்த்து எழுதின?

சீடன்: கோயிலைக் கட்டிய மன்னன் பராக்கிரம பாண்டியனின் கல்வெட்டை.

குரு: அப்படியானால் உன்னிடம் இருப்பது ஒரே சாட்சி. மூன்று பேர் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

சீடன்: இன்னொருவர் 1447 என்று எழுதினால்?

குரு: உடனே பிழை என்று அடித்துவிடாதே. கல்லில் இருப்பது சக ஆண்டு 1368. 78-ஐக் கூட்டினால் 1446. ஆனால் அந்த ஆண்டு சித்திரையில் பிறக்கிறது. தை, மாசியில் நடந்த காரியமென்றால் 79-ஐக் கூட்ட வேண்டும். எனவே மாதம் என்ன என்று கல்வெட்டிலேயே பார்.

சீடன்: எறும்புச் சாரையைப் பின்தொடர்ந்து போய் மன்னன் லிங்கத்தைக் கண்டான் என்கிறார்களே?

குரு: சிவகாசியில் கேட்டுப் பார். காசியிலிருந்து தென்காசிக்குக் கொண்டுவந்த லிங்கம் வழியில் அங்கேயே தங்கிவிட்டது என்பார்கள்.

சீடன்: இரண்டில் எதைத் தள்ளுவது?

குரு: ஏன் தள்ள வேண்டும்? கட்டிய ஆண்டுக்கு இரண்டும் சாட்சியாகா. காசி வரை போக முடியாத ஜனங்கள் பக்கத்திலேயே ஒரு காசிக்கு ஏங்கினார்கள் என்பதற்கு இரண்டுமே சாட்சி.

சீடன்: கல்வெட்டையாவது முழுதாக நம்பலாமா?

குரு: அதுவும் ஒருவர் பேச்சுதான் தம்பி. பின்னாளில் இக்கோயிலைக் காப்பவர்களை வணங்குகிறேன் என்று மன்னன் பாட்டாகவே வெட்டி வைத்திருக்கிறான். படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். ஆனால் கல் சுமந்தவர் வாங்கிய கூலியை அந்தப் பாட்டில் தேடாதே. அவன் 1463-இல் மறைந்தான். மீதிக் கோபுர வேலையை முடித்தவன் தம்பி குலசேகரன். அதை அண்ணன் பாட்டு எப்படிச் சொல்லும்? தம்பி காலத்துக் கல்வெட்டுக்குப் போ.

சீடன்: பிற்காலத்தில் அந்தக் கோபுரம் பிளந்து மொட்டையாக நின்றதே, அந்தக் காலத்துக்கு?

குரு: அதற்குப் பாண்டியர் கல்வெட்டு எதுவும் உதவாது. பழைய புகைப்படங்களைத் தேடு. புதுக் கோபுரத்துக்குக் குடமுழுக்கு 1990-இல்தான் நடந்தது. மொட்டைக் கோபுரத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் தென்காசி ரதவீதிகளில் இன்னும் இருக்கிறார்கள். இடி விழுந்ததா, தீப்பிடித்ததா, எப்போது என்று தனித்தனியாகக் கேள். முதலாமவர் சொன்னதை அடுத்தவரிடம் வாய்தவறிக்கூடச் சொல்லிவிடாதே. அவர்கள் கண்ணால் பார்த்தது எது, தாத்தா சொல்லிக் கேட்டது எது என்று நோட்டில் பிரித்து எழுது.