சூரனும் பழைய வண்டியும்

ஓம் சரவணபவ!

காத்திவாக்கத்துல எங்க வீட்டு வாசல்ல ஒரு பழைய ஆல்டோ நிக்குது. வாங்கி ரெண்டு வாரம் ஆச்சு. "இன்னும் பூஜை போடலையா தம்பி?"ன்னு தெருவுல எல்லாரும் கேக்குறாங்க. அவங்களுக்குச் சொன்ன பதிலையே உங்களுக்கும் சொல்றேன்.

கந்தபுராணத்துல சூரபத்மன் கடைசியா என்ன பண்ணான்? கடல் நடுவுல மாமரமா உருமாறி மறைஞ்சு நின்னான். முருகன் வேலை விட்டார். மரம் ரெண்டாப் பிளந்தது. ஒரு பாதி மயில், ஒரு பாதி சேவல். அப்பன் அதைத் தூக்கி எறியலை. சேவலைக் கொடியில வெச்சார், மயிலை வாகனமாக்கிட்டார். கெட்டுப்போனதுன்னு ஒதுக்காம, ஒளிஞ்சிருந்த அசுரத்தை முதல்ல பிளந்தார். அப்புறம்தான் ஏறி உக்காந்தார். இந்த வரிசையைக் கவனிங்க.

நம்ம ஊர்க் காத்துல உப்பு. இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல சென்னை முழுக்க எத்தனை வண்டி தண்ணியில நின்னுச்சுன்னு பார்த்தோம். அதனால பழைய வண்டி வாங்குறவங்க சீட் பெல்ட்டை முழுசா இழுத்துப் பாருங்க, சேத்துக் கறை தெரியும். தரை விரிப்பைத் தூக்குங்க. சீட்டுக்கு அடியில இருக்கிற கம்பியில துரு இருக்கான்னு பாருங்க. எங்க வண்டியில விரிப்புக்கு அடியில காய்ஞ்ச சேறு இருந்துச்சு. மேல புது சீட் கவர், உள்ளே சேறு. மாமரம் ஞாபகம் வந்துச்சு.

சேத்தைக் கழுவி, வெயில்ல காய வெச்சு, துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, பிரைமர் அடிச்சாச்சு. அடுத்தது பிரேக். பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்துக்கும். ஈரம் ஏறின ஆயில் சூடாகும்போது உள்ளே ஆவி கட்டும், பெடல் பஞ்சு மாதிரி அமுங்கிடும். எண்ணூர் நெடுஞ்சாலையில கன்டெய்னர் லாரிக்குப் பின்னாடி போறப்ப அப்படி ஆச்சுன்னா? பின் சீட்ல அம்மா இருப்பாங்க. அதனால ஆயிலையும் பேடையும் புதுசா மாத்துறது மட்டும் தெரிஞ்ச மெக்கானிக் கையால. வீட்ல வேலை பாக்குறவங்க ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில படுக்காதீங்க. ஸ்டாண்டு குடுங்க, சக்கரத்துக்குக் கட்டை வைங்க.

பின் கண்ணாடியில "வேலும் மயிலும் துணை"ன்னு ஒட்டுறோம். துணை வருவார், சந்தேகமே வேண்டாம். ஆனா தேய்ஞ்ச பிரேக்கைத் தெரிஞ்சே விட்டுட்டு எலுமிச்சம்பழம் நசுக்குறது பக்தி இல்ல, அப்பனுக்கு வேலை ஏவுறது. நம்ம கை செய்ய வேண்டியதை முடிச்சுட்டுக் கை கூப்பணும்.

நம்ம மனசும் ஒரு பழைய வண்டிதான். கோபம், பொறாமை எல்லாம் விரிப்புக்கு அடியில கிடக்கும். விபூதி பூசி அதை மூட வேண்டாம். "அப்பா, இங்க துரு இருக்கு, உன் வேலால தொடு"ன்னு காட்டுங்க. சூரனையே சுமக்க வெச்சவர் நம்மளை ஒதுக்கவா போறார்?

நாளைக்கு இந்த வண்டியை வித்தாலும் "தண்ணியில நின்ன வண்டி"ன்னு சொல்லித்தான் விப்பேன். அதுவும் வழிபாடுதான்.

பிரேக் வேலை முடிஞ்சதும், வர்ற கிருத்திகைக்குப் பூஜை.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!