கறவைக்குப் பழகும் ஆடு

கொல்லையில் தலைச்சேரி ஆடு கட்டிப் பால் கறக்கத் தொடங்குபவர்களுக்கு முதல் சில நாட்கள் கடினம்தான். ஆடு உதைக்கும், பாத்திரத்தைக் கவிழ்க்கும், பாலை அடக்கிக்கொள்ளும்.

பாவம், அதன் பயம் அப்படி. மடியைக் கழுவித் தடவியதும் ஆக்ஸிடாசின் ரத்தத்தில் கலந்து பால் இறங்கும். ஆடு மிரண்டாலோ அட்ரினலின் அதைத் தடுத்துவிடும். அதே நேரம், அதே இடம், அதே கை, முன்னால் ஒரு பிடி தீவனம் என்று பழக்கிவிட்டால், வேளை வந்ததும் ஆடே வந்து நிற்கும்.

காம்பை இழுக்கக் கூடாது. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அதன் மேற்பகுதியை அடைத்துப் பிடித்து, மற்ற விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பிழிய வேண்டும். விவரம் தெரிந்தவர்கள் முதல் பீச்சலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பார்ப்பார்கள். திரிதிரியாகத் தென்பட்டால் மடிநோய் தொடங்கியிருக்கலாம். உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

குட்டிகள் தழை கடிக்கத் தொடங்கியபின், இரவில் அவற்றைத் தனியே அடைத்து, விடியலில் கறந்துவிட்டுப் பகல் முழுக்கத் தாயோடு விடலாம். கறப்பவர் வெளியூர் போகும் நாட்களில் இரவிலும் சேர்த்தே விட்டால் மடியில் பால் கட்டாது.