நம்ம ஊர் அமைச்சர் யாருக்கு அமைச்சர்?

எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பிய ஒரு விவசாயிக்குப் பணம் வரத் தாமதமாகிறது என்று வைத்துக்கொள்வோம். கூட்டுறவுச் சங்கக் கடனுக்கு வட்டி ஏறுகிறது. மறுதாம்புக்கு உரம் வைக்கக் கையில் காசில்லை. அதே நேரத்தில், அவருடைய மாவட்டத்தைச் சேர்ந்த ஒருவர் கோட்டையில் அமைச்சராக இருக்கிறார். விவசாயி மனுவோடு அவர் வீட்டு வாசலில் போய் நிற்பதில் எந்தத் தவறும் இல்லை. மனுவை வாங்கிக்கொண்ட அமைச்சர் என்ன செய்ய வேண்டும் என்பதே இங்கே எடைபோட வேண்டிய அறக்கேள்வி.

உதவ வேண்டும் என்பதில் ஐயமில்லை. எப்படி உதவுவது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. எறையூரில் இருக்கும் பெரம்பலூர் சர்க்கரை ஆலை, தமிழ்நாடு சர்க்கரைக் கழகத்தின் கீழ் இயங்கும் பொதுத்துறை ஆலை. அதே கழகத்தின் இன்னோர் ஆலை தஞ்சாவூர் மாவட்டம் குருங்குளத்தில் இருக்கிறது. கரும்பு வந்து சேர்ந்த 14 நாட்களுக்குள் பணம் கொடுக்க வேண்டும், தவறினால் வட்டியும் சேர்த்துத் தர வேண்டும் என்று 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. அமைச்சர் ஒரு தொலைபேசி அழைப்பில் எறையூருக்கு மட்டும் பணம் வரச் செய்தால் ஊரார் மாலை போடுவார்கள். குருங்குளத்துக்காரர் இன்னும் சில வாரங்கள் காத்திருப்பார். அவருடைய கரும்பும் அதே கரும்புதான்; ஆணையும் அதே ஆணைதான். அவர் பக்கத்தில் அமைச்சர் ஒருவர் பிறக்கவில்லை என்பது மட்டுமே வேறுபாடு. அது ஒரு காரணமாகுமா?

உள்ளூரிலிருந்து மாநிலப் பொறுப்புக்கு ஏறும் பாதை இன்று முன்பைவிடத் தெளிவானது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கிராமம், ஒன்றியம், மாவட்டம் என மூன்று நிலைகளில் உள்ளாட்சி அமைப்புகளை வகுத்தது. 1996இல் தேர்தல் நடந்தது. அந்தத் தேர்தலில் உருவான பெரம்பலூர் மாவட்ட ஊராட்சிக் குழுவின் தலைவராகப் பொதுவாழ்வில் அடியெடுத்து வைத்தவர் எஸ்.எஸ். சிவசங்கர். 2006இல் ஆண்டிமடத்திலிருந்தும் 2011இல் குன்னத்திலிருந்தும் சட்டமன்றம் சென்றார். 2016இல் அரியலூரில் தோற்றார். 2021இல் மீண்டும் குன்னத்தில் வென்று பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை அமைச்சரானார். 2022 மார்ச்சில் போக்குவரத்துத் துறை அவரிடம் வந்தது. 2025 ஏப்ரலில் மின்சாரத் துறையும் சேர்ந்தது. அவருடைய தந்தை எஸ். சிவசுப்பிரமணியனும் ஆண்டிமடத்தின் சட்டமன்ற உறுப்பினராக இருந்தவர். ஆகவே இந்த ஏணி எல்லோருக்கும் ஒரே உயரத்தில் தொடங்குவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனாலும் மாவட்ட ஊராட்சியிலிருந்து மாநிலம் முழுவதற்குமான துறைவரை நீளும் இப்படியொரு பாதையில், தலைவர் யாராக இருந்தாலும், அவரிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: ‘நம்ம ஊருக்கு என்ன செஞ்சீங்க?’

இந்தக் கேள்வியைக் குறுகிய மனம் என்று ஒதுக்குவது நேர்மையாகாது. பெரம்பலூர் மாவட்டத்தில் இரண்டு சட்டமன்றத் தொகுதிகள், அரியலூரில் இரண்டு. 234 பேர் உட்காரும் அவையில் நான்கு குரல்கள். சென்னையும் கோயம்புத்தூரும் கேட்காமலே பெறுவதை இந்த மண் கேட்டுக் கேட்டும் பெறவில்லை. மானாவாரியில் மக்காச்சோளமும் பருத்தியும், செட்டிகுளம் பக்கம் சின்ன வெங்காயமும் விளைவிக்கும் பூமி இது. மழை ஏமாற்றினால் வேறு போக்கில்லை. அரியலூரின் சுண்ணாம்புக்கல் மாநிலமெங்கும் சிமென்ட்டாகப் போகிறது. லாரிப் புழுதி மட்டும் ஊரில் தங்குகிறது. திருமாந்துறை வட்டாரத்தில் சிறப்புப் பொருளாதார மண்டலத்துக்கென்று வாங்கப்பட்ட நிலம், தொழிற்சாலை வராமல் ஆண்டுக்கணக்கில் தரிசாகக் கிடந்தது. எறையூரில் சிப்காட் தொழிற்பூங்காவும் காலணித் தொழிற்சாலைக்கான அடிக்கல்லும் வந்தது 2022 நவம்பரில்தான். இப்படிக் காத்திருந்த மக்கள், அதிகாரத்துக்குப் போன தம் ஆளிடம் உரிமையோடு கேட்கிறார்கள். எல்லோரையும் சமமாக நடத்துகிறேன் என்று சொல்லி ஏற்கெனவே பெற்றவருக்கே மேலும் கொடுக்கும் அரசு நடுநிலையானது என்று எவரும் ஒப்பமாட்டார்கள்.

மறுபக்கமும் அதே வலுவோடு நிற்கிறது. அமைச்சராகப் பொறுப்பேற்பவர், விருப்பு வெறுப்பின்றி எல்லா மக்களுக்கும் நியாயம் செய்வதாக உறுதிமொழி எடுக்கிறார். அந்த உறுதிமொழியில் தொகுதியின் பெயர் வருவதில்லை. வாக்குக் கேட்டபோது அவர் ஒரு தொகுதியின் வேட்பாளர். கையெழுத்திடும்போது மாநிலம் முழுவதன் அமைச்சர். அமைச்சரே இல்லாத மாவட்டங்கள் எப்போதும் உண்டு. அமைச்சரின் ஊர் என்பதற்காக ஒரு கோப்பு முன்னே நகர்ந்தால், வேறோர் ஊரின் கோப்பு பின்னே போகிறது. அந்த ஊர்க்காரருக்குத் தாம் இழந்தது என்ன என்பதுகூடத் தெரியாது. தெரியாமல் இழப்பவருக்குச் செய்யும் அநீதி, கேட்பார் இல்லாத அநீதி.

ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் வாழ்க்கை இங்கே வழிகாட்டும். ஓமந்தூரில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த அவர், 1947 மார்ச் முதல் 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தார். சொந்தக் கட்சிக்காரர் கொண்டுவந்த சிபாரிசுகளுக்கு இடங்கொடாமல் அவர்களுடைய அதிருப்தியைச் சம்பாதித்தார். பதவி போனபின் வடலூர் சென்று ஆதரவற்ற பிள்ளைகளுக்கான பணியில் இறங்கினார். அவர் காலத்தில் 1948இல் வந்த ஜமீன் ஒழிப்புச் சட்டம், ஓமந்தூர் என்ற பெயரையே கேட்டிராத குடியானவர்களையும் தொட்டது. இன்றைய அரியலூர் மாவட்டத்தின் உடையார்பாளையம் ஜமீனும் அந்தச் சட்டத்தோடு முடிவுக்கு வந்தது. அதற்காக உடையார்பாளையத்துக்காரர் அவர் வாசலில் மனுவோடு நிற்க வேண்டியிருக்கவில்லை. கிராமத்தில் நிலத்தோடு வாழ்ந்த ஒருவருக்குக் குடியானவரின் துயரம் தெரிந்திருந்தது. அதிகாரம் கைக்கு வந்தபோது அந்த அறிவு எல்லோருக்குமான சட்டமாயிற்று.

பொறுப்பின் எல்லை எதுவரை என்பதற்கும் அரியலூர் மண்ணே சாட்சி. 1956 நவம்பர் 23 அன்று மருதையாற்றின் வெள்ளத்தில் பாலம் சேதமடைந்து தூத்துக்குடி விரைவு ரயில் கவிழ்ந்தது. ஏறத்தாழ 150 பேர் மாண்டார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அவரும் அலகாபாத் நகராட்சியிலிருந்து மேலேறி வந்தவர்தான். செத்துப்போனவர்களில் அவருடைய வாக்காளரும் அவருடைய மொழி பேசியவரும் அநேகமாக இல்லை. தம் துறையின் தண்டவாளம் போகும் இடமெல்லாம் தம் பொறுப்பு என்று அவர் கொண்டார். ஒரு போக்குவரத்து அமைச்சருக்கு ஆண்டிமடத்துப் பேருந்தும் பரமக்குடிப் பேருந்தும் ஒரே பொறுப்பு என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

அப்படியானால் பிறந்த ஊருக்கு எந்தக் கடனும் இல்லையா? உண்டு. ஆனால் அது சலுகையால் தீர்க்கும் கடன் அல்ல. மாவட்ட ஊராட்சியில் அமர்ந்தவர், குடிநீர்த் தொட்டி கட்டியும் மோட்டார் பழுதால் குடம் நிறையாத தெருவைப் பார்த்திருப்பார். கடைசிப் பேருந்தைத் தவறவிட்ட கல்லூரி மாணவி யார் வீட்டில் தங்கினாள் என்பதைக் கேட்டிருப்பார். வெட்டு உத்தரவு தாமதமாகிக் காய்ந்த கரும்பின் எடைக்குறைவை விவசாயி கணக்குப் போட்டுச் சொல்லக் கேட்டிருப்பார். படித்துவிட்டு நேரே கோட்டைக்கு வந்தவருக்குக் கோப்பில் மட்டுமே கிடைப்பது இவருக்கு அனுபவமாகக் கிடைத்திருக்கிறது. ஊர் அவருக்குக் கொடுத்த பெரிய சொத்து இந்த அறிவு. இதை மாநிலம் முழுவதற்குமான விதியாக மாற்றுவதுதான் கடனைத் திருப்பித் தரும் முறை. எறையூர் விவசாயியின் மனு, எல்லா ஆலைகளிலும் 14 நாள் கெடு காக்கப்படுகிறதா என்ற கேள்வியாக மாற வேண்டும். அப்போது எறையூருக்கும் பணம் வரும், குருங்குளத்துக்கும் வரும்.

பின்தங்கிய மாவட்டத்துக்குக் கூடுதலாகக் கொடுப்பதும் இந்த அறத்துக்குள் அடங்கும். அளவுகோல் எளிது: ஆணையில் ஊர்ப்பெயரை மறைத்துவிட்டு அதன் காரணங்களை மட்டும் படித்துப் பார்க்கலாம். மழையளவு, வேலையின்மை, மருத்துவமனைக்கான தூரம், பள்ளியை இடையில் விட்ட பிள்ளைகள் என்ற காரணங்களே அந்த முடிவைத் தாங்குமானால் அது நீதி; அமைச்சரின் சொந்த மாவட்டத்துக்குக் கிடைத்தாலும் நீதியே. பெயரை எடுத்ததும் முடிவுக்குக் காரணமே இல்லாமல் போனால் அது சலுகை. பின்தங்கிய நிலை ஒரு நியாயம். பிறந்த இடம் நியாயமாகாது.

ஆளைப் பிடித்துப் பெறுவது நிலைக்காது என்பதற்கு அனுபவமும் உண்டு. 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. அதிலிருந்து 2001இல் அரியலூர் தனி மாவட்டமாயிற்று. ஆட்சி மாறியதும் 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு இணைக்கப்பட்டது. அடுத்த ஆட்சியில் 2007இல் மறுபடி பிரிந்தது. ஆட்சியர் அலுவலகம் எங்கே என்பதே ஆட்சிக்கு ஆட்சி மாறினால், நடுவில் அலைவது சாதாரண மக்கள்தான். விதியின் மேல் நிற்பது ஆட்சி மாற்றத்தைத் தாங்கும். ஒருவர் தயவின் மேல் நிற்பது அவரோடு போய்விடும்.

இதில் வாக்காளருக்கும் பங்குண்டு. ‘நம்ம ஊருக்கு என்ன செஞ்சீங்க?’ என்ற ஒரே கேள்வியால் அளக்கப்படும் அமைச்சர், அந்தக் கேள்விக்கே பதில் தயாரிப்பார். கல்வெட்டில் பெயர் பொறிக்கக்கூடிய கட்டடத்தைத் தேடுவார். பெயர் பொறிக்க இடமில்லாத நல்ல விதியைத் தேடமாட்டார். சலுகை கேட்கும் ஊர், தன் ஆள் பதவியில் இல்லாத நாளில் புறக்கணிக்கப்படுவதையும் ஏற்றுக்கொண்டதாகிறது. அந்த நாள் எந்த ஊருக்கும் வரும்.

ஆகவே பெரம்பலூர், அரியலூர் மக்களிடம் வைக்க வேண்டிய வேண்டுகோள் இது. அடுத்த முறை உங்கள் அமைச்சர் ஊருக்கு வரும்போது மனுவைத் தயங்காமல் கொடுங்கள். கேட்பது உங்கள் உரிமை. அதோடு இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: எங்களுக்குச் செய்யப்போவதை, எங்களைப் போல் இருக்கும் எல்லா ஊருக்கும் செய்வீர்களா? அதற்கு ஆம் என்று சொல்லிச் செய்துகாட்டுபவரே ஊருக்கும் உண்மையானவர், நாட்டுக்கும் உண்மையானவர். அவருக்கே மீண்டும் வாக்களியுங்கள்.