சிதைவின் அழகும் செய்தவன் பொறுப்பும்

விக்ரோரியா காலத்து ஆங்கில நூல்களைப் புரட்டுவோர், பாழடைந்த துறவிமடமொன்றின் செதுக்கோவியத்தை எங்கேனும் எதிர்கொள்ளாதிருத்தல் அரிது. கூரையிழந்த சுவர், கண்ணாடியற்ற பெருஞ்சாளரம், அதனூடே நிலவு, எங்கும் படர்ந்த ஐவிக் கொடி: இவையே அதன் இலக்கணம். வேல்ஸ் நாட்டில் வை ஆற்றங்கரையிலுள்ள ரின்ரேர்ன் மடம் இவ்வாறு பன்முறை வரையப்பட்டது. செப்புத் தகடு விரைவில் தேய்ந்துவிடும். 1820களிற் பரவிய உருக்குத் தகடோ ஆயிரக்கணக்கான படிகளைத் தந்தது. செல்வர் மாளிகைக்கே உரியதாயிருந்த ஓவியச் சுவை நடுத்தர வகுப்பினர் இல்லங்களையும் எட்டியது. இது வரவேற்கத்தக்கதே.

ஆயின், இவ்வோவியத்தைக் காண்போர் உள்ளத்தில் எழும் எண்ணம் யாது? காலம் எதனையும் விட்டுவைப்பதில்லை என்பதன்றோ? ரின்ரேர்னை அழித்தது உண்மையிற் காலந்தானா என்று நாம் வினவுதல் வேண்டும். 1131இல் நிறுவப்பெற்ற அம்மடம் நானூறு ஆண்டுகள் காலத்தைத் தாங்கி நின்றது. 1536இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில், ஆண்டு வருமானம் 200 பவுணுக்குக் குறைந்த மடங்களை மூடுதற்குச் சட்டம் இயற்றப்பட்டது. ரின்ரேர்னின் வருமானம் ஏறத்தாழ 192 பவுண். எட்டுப் பவுண் குறைவு! அவ்வாண்டு செப்ரெம்பரில் மடம் அரசன் வசமாயிற்று. கட்டிடம் வூஸ்ரர் பிரபுவுக்குப் போயிற்று. கூரை ஈயம் கழற்றப்பட்டது. ஈயம் போனபின் மழை செய்த வேலையையே காலத்தின் கைவண்ணம் என்கின்றோம்.

மடங்கள் மாசற்றவை என்பது நமது வாதமன்று. பெருநிலங்களை ஆண்டு, குடியானவரிடம் வாரம் பெற்றவை அவை. ஆயினும், பழியைக் காலத்தின்மேற் சுமத்துமிடத்து, அழித்தவனும் இல்லை, அதனாற் பயன்பெற்றவனும் இல்லை என்றாகிவிடுகின்றது. வழக்கே இல்லாதபோது தீர்ப்புக்கு இடமேது? கலை வரலாறன்று என இதற்கு விடையிறுப்பர். உண்மைதான், எனினும், ஒரு செயலை இயற்கை நிகழ்ச்சியெனக் காட்டும் கலை, வரலாறு பற்றி ஏதோ ஒன்றைச் சொல்லியே விடுகின்றது.

இச்சுவைக்கு வழிகோலிய வில்லியம் கில்பின் 1782இல் வெளியிட்ட நூலிலே, ரின்ரேர்னின் முகட்டுச் சுவர்கள் மிகை ஒழுங்குடையன என்று குறைகூறி, கொட்டாப்புளியொன்றை அளவறிந்து பயன்படுத்தின் நன்றாகும் எனக் கருதினார். அழிவு போதவில்லை போலும்! அதே நூலில், இடிபாடுகளிடையே குடிலமைத்து இரந்து வாழ்ந்த ஏழைகளையும் அவர் மறையாது குறித்துள்ளார். பின்வந்த செதுக்கோவியங்களில் மனிதர் பெரும்பாலும் சுவரின் உயரத்தைக் காட்டும் சிற்றுருவங்களே.

இவ்வோவியங்களை முற்றாக ஒதுக்குதலும் நேர்மையாகாது. அவை வளர்த்த பற்று, 1901இல் முடியரசு அம்மடத்தை விலைக்கு வாங்கிப் பேண முன்வந்தமைக்கு ஒரு காரணம் எனலாம். பேணும் பணியை மேற்கொண்டோர் ஐவிக் கொடியை அகற்றினர். ஓவியர்க்கு உயிராயிருந்த அதன் வேர்களே சுவர்களைப் பிளந்துகொண்டிருந்தன. கொடி நீங்கிய அச்சுவரின் முன் நிற்பவன், கூரை எங்கே, அதை எடுத்தவர் யார் என்று கேட்கக்கூடும். ஓவியத்தின் முன் அமர்ந்தவனுக்கு அக்கேள்வி தோன்றுதல் அரிது.